அஞ்சு சீட்டு வண்டி

"வீட்ல மொத்தம் எத்தன பேரு சார்?"

ஷோரூமிலிருந்து வந்திருந்த மன்சூர் அலி இப்படிக் கேட்டபோது முத்துமாரி டீத் தட்டோடு இரும்பு ஏணியில் பாதி இறங்கியிருந்தாள். மேலே சமையலும் படுக்கையும், கீழே பை தைக்கிற பட்டறை. தாராவியில் அவர்கள் சந்தில் எல்லா வீடும் இப்படித்தான். அவளுடைய அண்ணன் கணேசபாண்டியன் பள்ளிக்கூடப் பைகளின் குவியலில் சாய்ந்துகொண்டு, ஒரு விரலைக்கூட மடக்காமல் சொன்னான்.

"அஞ்சு."

அண்ணன், மதினி பிரேமலதா, அவர்களுடைய இரண்டு பெண் பிள்ளைகள், அம்மா பார்வதியம்மாள். சரிதான், அஞ்சு. எட்டு மாதமாக இந்த வீட்டுக்குச் சோறு பொங்கி, பாத்திரம் கழுவி, மத்தியானத்துக்கு மேல் மூன்றாவது மிஷினில் உட்கார்ந்து பைகளுக்கு ஜிப் வைத்துத் தைப்பது வேறு யாரோ போலிருக்கிறது. முத்துமாரி அம்மாவைப் பார்த்தாள். அம்மா சுவரில் தொங்கிய காலண்டரில் தேதி பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வதியம்மாளுக்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது.

"அப்ப ஹைபிரிட்தான் சார் பெஸ்ட்டு," என்றான் மன்சூர் அலி. நல்ல பையன். வெயிலில் டை கட்டிக்கொண்டு செம்பூரிலிருந்து வந்திருந்தான். "மெதுவாப் போனா பேட்டரி, வேகமாப் போனா பெட்ரோல். வண்டியே முடிவு பண்ணிக்கும். சார்ஜ் போடுற வேலையும் கெடையாது."

ஆளுக்குத் தக்கபடி நாக்கை மாற்றிக்கொள்ளும் வண்டி. இந்த வீட்டுக்குப் பொருத்தமானதுதான் என்று முத்துமாரி நினைத்தாள். தட்டை நீட்டினாள். மன்சூர் அலி டீயை எடுத்துக்கொண்டு, "தேங்க்ஸ்க்கா" என்றான். அந்த அறையில் அவளைக் கண்ணால் பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

கணேசபாண்டியனுக்கு வண்டிப் பைத்தியம் பிடித்து மூன்று மாதமாகிறது. ஒரு காலத்தில் டெம்போ ஓட்டியவன். இப்போது ராப்பகலாக போனில் யார் யாரோ வண்டியைச் சுற்றி நடந்துகொண்டு பேசும் வீடியோக்கள். தட்டில் குழம்பு ஊற்றினால், "லிட்டருக்கு இருபத்தேழு குடுக்குதாம்" என்பான். அவன் சொல்கிற வண்டி அவர்கள் சந்துக்குள் மூக்கைக்கூட நுழைக்க முடியாது. அங்கே எதிரெதிரே இரண்டு குடை வந்தால் ஒன்று மடங்க வேண்டும். வண்டியை நைன்ட்டி ஃபீட் ரோட்டில் ஒரு பழைய இரும்புக்கடை முன்னால் நிறுத்தி, ராத்திரி காவலுக்கு ஓர் ஆளையும் வைக்கப் போகிறான். காவலாளுக்குக் கொடுப்பதில் எத்தனை லிட்டர் பெட்ரோல் வாங்கலாம் என்று அவனிடம் யாரும் கேட்கவில்லை. பெட்ரோலை மிச்சம் பிடிப்பதற்காக வண்டி வாங்குகிறவனிடம் என்ன கேட்பது? வண்டி உண்மையில் ஓடப்போவது வருஷத்துக்கு ஒருமுறை, ஊரில் கோயில் கொடைத் திருவிழாவுக்கு. அங்கே பங்காளிகள் கண்முன்னே போய் இறங்கவேண்டும். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் இத்தனை ஆராய்ச்சியும்.

வீட்டுக்குள் ஒரே ஒரு தகராறு இருந்தது. அம்மாவுக்கு ஏழு சீட்டு வண்டி வேண்டும். பாண்டுப்பில் இருக்கும் தன் தம்பி பூதத்தானையும் அவன் பெண்டாட்டியையும் ஊருக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பது அவள் ஆசை. பிரேமலதாவுக்கு அஞ்சு சீட்டு ஹைபிரிட்தான் வேண்டும். பூதத்தானும் அவன் பெண்டாட்டியும் வந்துவிடக்கூடாது என்பது அவள் ஆசை. இதை இருவரும் நேராகச் சொல்ல மாட்டார்கள். அம்மா, "பிள்ளைய காலு நீட்டிப் படுக்க வேண்டாமா?" என்பாள். பிரேமலதா, "ஏழு சீட்டுல மைலேஜு எங்க இருக்கு?" என்பாள். அவள் மைலேஜ் என்று சொல்லும்போது அவள் கண்ணில் பூதத்தான் மாமாவின் பெண்டாட்டிதான் தெரிவாள்.

அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது முத்துமாரி அண்ணன் சொன்ன எண்ணிக்கையைப் பேச்சோடு பேச்சாக அம்மாவிடம் கேட்டாள். அம்மா வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளிக்கொண்டே சொன்னாள்.

"ஏட்டி, மாரிக்கண்ணன் வந்திருந்தான்."

"எப்ப?"

"போன ஞாயித்துக்கெழம. ஒன்ன மாட்டுங்கா மார்க்கெட்டுக்கு அனுப்புனோம்லா, அப்ப."

தாராவியில் கிடைக்காத முருங்கைக்காய் மாட்டுங்காவில் கிடைக்கும் என்று மதினி அன்று அவ்வளவு அன்பாக அனுப்பியது இதற்குத்தான்.

"ஆவணி பொறந்ததும் வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டான். நல்லாத்தான் பேசுனான். அழுதுட்டான் பாவம்."

மாரிக்கண்ணன் அவள் புருஷன். கோவண்டியில் இருக்கிறான். அவன் அவளை அடித்தான் என்று சொல்ல முடியாது. அடித்திருந்தால் வீட்டில் நம்பியிருப்பார்கள். வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் டிவியின் முதுகைத் தொட்டுப் பார்ப்பான். சூடாக இருந்தால் அன்று அவளை வெளியே சந்தில் நிறுத்துவான். அக்கம்பக்கத்தில் எல்லோரும் சாப்பிட்டுக் கதவடைக்கும்வரை நிற்கவேண்டும். போகிற வருகிறவர்கள், "என்ன முத்து, நின்னுட்டிருக்க?" என்று கேட்பார்கள். "காத்து வாங்குறேன்" என்பாள். மழையிலும் காற்று வாங்கியிருக்கிறாள். திரும்பி வந்து இதைச் சொன்னபோது, "டிவிய பாக்காம இருந்தா என்ன?" என்று அம்மா கேட்டாள். "அவனுக்குக் கரண்டு பில்லு ஏறுதுல்லா" என்று அண்ணன் கேட்டான். பிரேமலதா ஒன்றும் கேட்கவில்லை. அவள் மூன்றாவது மிஷின் காலியாக இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது தையலுக்கு ஆள் கிடைக்காத சமயம்.

இப்போது புது ஆள் கிடைத்திருப்பான்.

மறுநாள் அண்ணன் தனியாகப் பட்டறையில் இருந்தபோது முத்துமாரி ஏணியிறங்கி வந்தாள்.

"நான் கோவண்டிக்குப் போகமாட்டேன்."

கணேசபாண்டியன் போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. போனில் ஒருவன் வண்டியின் டிக்கியைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தான்.

"நானா போகச் சொல்றேன்? அந்தப் பயலும் அழுறான், அம்மாவும் அழுறா. நான் யாருக்குன்னு பேச?" என்றான். பிறகு அவன் முகம் தெளிந்தது. தப்பிக்க வழி கிடைத்துவிட்டால் அவன் முகம் அப்படித்தான் தெளியும். "இங்க பாரு முத்து. வெள்ளிக்கெழம முப்புடாதி அம்மன்கிட்ட பூக்கட்டிப் பாக்கப் போறோம். அஞ்சு சீட்டா, ஏழு சீட்டான்னு. ஏழு வந்தா நீயும் இங்கனயே இரு, ஒனக்கும் எடம் இருக்குன்னு அர்த்தம். அஞ்சு வந்தா அவன் கூடப் போ. ரெண்டுக்கும் சேத்து ஒரே பூ. அம்மன் சொன்னா யாருக்கும் மனக்கஷ்டம் இல்லல்லா?"

அவள் அவனையே பார்த்தாள். நாற்பத்திரண்டு வயது ஆள். எட்டுப் பேருக்குக் கூலி கொடுக்கிறான். தங்கச்சியை என்ன செய்வது என்பதை வண்டி வாங்கும் பூவோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டான். செலவு மிச்சம். லிட்டருக்கு இருபத்தேழு கிலோமீட்டர்.

"சரி" என்றாள்.

முப்புடாதி அம்மன் கோயில் சந்து முனையில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இருந்தது. சுடலைக்கண்ணன் நாளெல்லாம் ஆட்டோ ஓட்டிவிட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் பூசாரியாக இருப்பார். காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மணியை எடுப்பார். வெள்ளைப் பூ வந்தால் அஞ்சு சீட்டு, சிவப்பு வந்தால் ஏழு சீட்டு என்று முடிவானது. "ஸ்டாக்குல இருக்கது வெள்ள வண்டிதான், அதான்" என்று பிரேமலதா அம்மனுக்கு விளக்கினாள். இரண்டு பூவையும் தனித்தனியாக வாழையிலைத் துண்டில் சுருட்டி, ஒன்றுபோலக் கட்டி, அம்மன் முன்னால் உருட்டிவிடவேண்டும். வீட்டுக் குழந்தை ஒன்றை எடுக்கும். கட்டுகிற வேலை முத்துமாரிக்கு வந்தது. வீட்டில் கட்டுவது, சுற்றுவது, தைப்பது எல்லாமே அவள் வேலைதானே.

அவள் திரும்பி உட்கார்ந்து கட்டினாள். பூத்தட்டில் வெள்ளை நந்தியாவட்டையும் சிவப்பு அரளியும் கிடந்தன. அரளி நிறையக் கிடந்தது. இரண்டு இலையிலும் அரளியை வைத்துவிட்டால் முடிந்தது. யாரும் அவள் கையைப் பார்க்கவில்லை. எல்லோரும் கண்ணை மூடி, மைலேஜுக்காகக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது அரளியை விரலில் எடுத்தும்விட்டாள். எடுத்தபோதுதான் அது தோன்றியது. இந்தப் பூவால் அவளுக்குக் கிடைக்கப்போவது என்ன? இந்த அண்ணனின் வீட்டில், இந்த மதினியின் கண் முன்னால், கடைசி வரிசையில் ஓர் இடம். அதற்காகத் திருடுவதா? அரளியைத் தட்டில் போட்டுவிட்டு நந்தியாவட்டையை எடுத்து இலையில் வைத்தாள். முடிச்சை இறுக்கினாள்.

சின்னவள் தன்ஷிகா குனிந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். சுடலைக்கண்ணன் பிரித்தார்.

சிவப்பு.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பாண்டுப்புக்கு ஃபோன் போட அவள் கை அப்போதே துடித்தது.

"ஏ, இவ மத்தியானம் ஆம்லெட் தின்னால்லா?" என்றான் கணேசபாண்டியன். "கவுச்சி வாயோட எடுத்தா எப்படி? வாயக் கொப்புளிச்சிட்டு வரச் சொல்லு."

தன்ஷிகா குழாயில் வாய் கொப்புளித்தாள். கைகழுவினாள். முத்துமாரி மறுபடியும் கட்டினாள், மறுபடியும் நேர்மையாக. குழந்தை எடுத்தது. சுடலைக்கண்ணன் பிரித்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, உள்ளங்கையை நீட்டினார். அரளி.

"அம்மன்தான் சொல்லிட்டாளேய்யா," என்றாள் பார்வதியம்மாள்.

"நீ சும்மா கெடம்மா. பூதத்தான் மாமாக்கு ட்ரெயின் இருக்கு." கணேசபாண்டியன் பூசாரியிடம் திரும்பினான். "அண்ணாச்சி, காத்தடிச்சி பொட்டலம் பொரண்டுட்டு, பாத்தியளா? மூணு தடவ பாக்கணும்லா? மூணுதான கணக்கு?"

"ஒங்க இஷ்டம்," என்றார் சுடலைக்கண்ணன். வெளியே அவர் ஆட்டோ நடுச்சந்தில் நின்றது. சீக்கிரம் முடிந்தால் சரி.

"நீ கட்டுனா முடிச்சு ரொம்ப இறுகிப்போகுது. குடு, நான் கட்டுதேன்," என்று பிரேமலதா தட்டை வாங்கிக்கொண்டாள். முத்துமாரி கொடுத்தாள். மதினி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு வெகு நேரம் பக்தியாகக் கட்டினாள்.

மூன்றாவது பொட்டலத்தில் வெள்ளைப் பூ வந்தது. கணேசபாண்டியன் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, "தாயே!" என்றான். அந்தத் தாய் இரண்டு முறை சொன்னதை அவன் அதற்குள் மறந்துவிட்டான். பிரேமலதா கீழே கிடந்த மற்றப் பொட்டலத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள்.

"அதயும் பிரிங்க மதினி," என்றாள் முத்துமாரி.

"சாமிக்கு வச்ச பூவ அப்படிப் பிரிக்கப்படாது."

"சாமிக்கு வச்ச பூவத்தான மூணு தடவயும் பிரிச்சோம்?"

சுடலைக்கண்ணன் எரிகிற திரியை இன்னும் கொஞ்சம் தூண்டினார். அம்மா மறுபடியும் தேதி பார்க்கிறவள்போல எங்கேயோ பார்த்தாள். தன்ஷிகாதான், இந்தியில் கணீரென்று சொன்னாள்: "அத்தை, மம்மி நே தோனோ மே வைட் டாலா." மம்மி இரண்டிலும் வெள்ளையைத்தான் வைத்தாள் என்று. பிரேமலதா அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். குழந்தை வீறிட்டது. கணேசபாண்டியனுக்கு அது காதில் விழுந்தது. விழுந்ததை முத்துமாரி பார்த்தாள். ஒரு நொடி அவன் கழுத்து விறைத்தது. பிறகு அவன் திருநீற்றை எடுத்து நெற்றி முழுக்கப் பூசிக்கொண்டான்.

முத்துமாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாகவே வந்தது.

"என்னளா இளிப்பு? சாமி முன்னால," என்றான் அண்ணன்.

"ஒண்ணுமில்ல. சாமிகிட்டயே பேரம் பேசி ஜெயிச்சிட்டியே, அதான்."

ஆடி மாதம் புது வண்டி எடுக்கக் கூடாது. அதனால் வண்டிக்கும் அவளுக்கும் ஆவணி பிறக்கும்வரை தவணை கிடைத்தது. அந்த நாட்களில் முத்துமாரி போகிறேன் என்றும் சொல்லவில்லை, போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை. முன்பெல்லாம் இவர்களுக்கு ஒரு சொல் சொல்லிப் புரியவைத்துவிடலாம் என்று ராத்திரியெல்லாம் சொற்களைத் தேடியிருக்கிறாள். இப்போது அது நின்றுபோனது. ஜிப் வைத்தாள், சோறு பொங்கினாள், அவர்கள் தின்பதைப் பார்த்தாள். அண்ணன் சோற்றைப் பிசையும்போது, இரண்டு சிவப்பை விழுங்கிய வாய் இது என்று தோன்றும். கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்குக் கொஞ்சமாவது மரியாதை மிச்சமிருக்கவேண்டும். அவள் மௌனமாக இருப்பதைப் பார்த்து, "மனசு மாறிட்டு" என்று அம்மா சந்தோஷப்பட்டாள்.

ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை வண்டி வந்தது. நைன்ட்டி ஃபீட் ரோட்டில் இரும்புக்கடை முன்னால் நின்றது, வெள்ளையாக, ரிப்பன் கட்டி. மன்சூர் அலி அட்டையில் செய்த ஆளுயரச் சாவியைக் கொடுத்துக் குடும்பத்தைப் படமெடுத்தான். "அக்கா, நீங்களும் வாங்க" என்று கூப்பிட்டான். "அவளுக்குப் படம்னா ஆகாது" என்று பிரேமலதா சொல்லிவிட்டாள். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். மாரிக்கண்ணன் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு சரியாக அந்த நேரத்துக்கு வந்து சேர்ந்தான். பெண்டாட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் வண்டியின் பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

"செம்பூர்லருந்து ஓடி வந்திருக்கு, சூடே இல்லயே மச்சான்!"

"பேட்டரியில வந்திருக்கும் மாப்ள!"

இரண்டு பேரும் பானெட்டைத் தடவிக்கொடுத்துக்கொண்டு நின்றார்கள். இப்படி ஒரு பொருத்தம் அவளுடைய கல்யாணத்தில்கூட யாருக்கும் அமையவில்லை.

வண்டியின் முதல் சவாரி கோவண்டிக்கு என்று கணேசபாண்டியன் அறிவித்தான். தங்கச்சியைப் புருஷன் வீட்டில் புதுக் காரில் கொண்டுபோய் இறக்கிவிட வேண்டும், அங்கே நாலு பேர் பார்க்கவேண்டும். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டார்கள். அவை அழுதன. முன்னால் அவனும் மாரிக்கண்ணனும். பின்னால் பிரேமலதா, அம்மா, முத்துமாரி. அஞ்சு சீட்டும் நிறைந்தது. "பாத்தியா, மொத மொத ஒனக்குத்தான் வண்டி" என்றாள் அம்மா, உண்மையாகவே மகிழ்ந்து. முத்துமாரியின் பை டிக்கியில் போனது. அங்கே பாதியைப் பேட்டரி எடுத்துக்கொண்டிருந்ததால், வாழைத்தாருக்கும் லட்டுப் பெட்டிக்கும் நடுவில் அதைக் காலால் மிதித்துத் திணித்தார்கள். "நீ ஜன்னலோரமா உக்காரு. ஒனக்குக் கொமட்டும். புது சீட்டு" என்றாள் மதினி. முத்துமாரிக்குக் காரில் குமட்டும் என்பதும் மதினி கண்டுபிடித்ததுதான். அவள் அதுவரை காரில் ஏறியதே இல்லை.

சீட்டுகளின் மேல் பாலிதீன் உறையைப் பிரிக்கவில்லை. யார் அசைந்தாலும் சரசரத்தது. சயான் தாண்டும்வரை கணேசபாண்டியன் ரோட்டைவிட முன்னாலிருந்த திரையைத்தான் அதிகம் பார்த்தான். அதில் பேட்டரியிலிருந்து சக்கரத்துக்கு ஓர் அம்பு ஓடும், பிறகு சக்கரத்திலிருந்து பேட்டரிக்கு ஓடும். "பிரேக் அடிச்சா சார்ஜ் ஏறுது பாருங்க மாப்ள." அதற்காகவே தேவையில்லாமல் பிரேக் அடித்தான். பின்னாலிருந்த மூவரும் முன்னால் போய்ப் போய் வந்தார்கள்.

செம்பூர் நாக்கா சந்திப்பில் சிக்னல் விழுந்தது. வண்டி நின்றது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

"இஞ்சின் ஆஃப்," என்று கணேசபாண்டியன் கிசுகிசுத்தான், கோயிலில் பேசுவதுபோல. "ஒரு சொட்டுக் குடிக்கல."

அந்த அமைதியில் மாரிக்கண்ணன் தொண்டையைச் செருமினான். கழுத்தைத் திருப்பாமல், கண்ணாடியைப் பார்த்துப் பேசினான்.

"அத்த, ஒரு விஷயம். அந்த டிவிய வித்துட்டேன். அதனாலதான சண்டயே. இனிமே வீட்ல பிரச்சினையே வராது."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கணேசபாண்டியன் அவன் தோளைத் தட்டினான். "பாத்தியா முத்து? மாப்ள ஒனக்காக எம்புட்டு விட்டுக்குடுத்திருக்காரு."

முத்துமாரி முந்தானையை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டாள். அடக்கினாள். தோள் குலுங்கியது. கோயிலில் வந்த அதே சிரிப்பு இல்லை இது, அடிவயிற்றிலிருந்து வந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது.

"வாந்தி எடுக்கப் போறா! எடுக்கப் போறா!" என்று பிரேமலதா கத்தினாள். "ஏய், சீட்டுல எடுத்துராத!"

"கதவத் தொற! வெளிய, வெளிய!" கணேசபாண்டியன் பூட்டை விடுவித்தான். "ஏ, நல்லாத் தள்ளிப் போ. வண்டி மேல தெறிச்சிராம!"

அவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து அவளை இவ்வளவு ஆசையாக ஒன்று செய்யச் சொன்னது அதுதான் முதல் முறை. முத்துமாரி இறங்கினாள். நல்லாத் தள்ளிப் போனாள். இரண்டு ஆட்டோக்களுக்கு நடுவே புகுந்து, பிளாட்பாரத்தில் ஏறி, கொய்யாப்பழம் விற்பவளின் கூடையைத் தாண்டி, இன்னும் கொஞ்சம் தள்ளி. கையில் ஒன்றுமில்லை. எந்தப் பக்கம் என்று அவள் இன்னும் யோசிக்கவில்லை. கால் நடந்துகொண்டிருந்தது.

ஹாரன் சத்தம் கேட்டு ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பச்சை விழுந்திருந்தது. வெள்ளை வண்டி பின்கதவை அகலத் திறந்துபோட்டுக்கொண்டு நடுரோட்டில் சத்தமில்லாமல் நின்றது. பின்னால் ஒரு பஸ்காரன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி இந்தியில் வைதான். இறங்கி வந்து அந்தக் கதவை மூட வண்டிக்குள் இருந்தவர்களில் ஒருவரும் அசையவில்லை. அம்மா மட்டும் பாலிதீன் உறைமேல் மெல்ல நகர்ந்து நகர்ந்து ஜன்னலோரத்துக்கு வந்து, ஒரு காலை வெளியே தொங்கவிட்டு, தரை எவ்வளவு பள்ளத்தில் இருக்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.